பெரும வினைவேகம் (நொதி வினைவேகவியல்)

பெரும வினைவேகம் என்பது, குறிப்பிட்ட அளவு நொதி, குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அமில-காரத் தன்மையிலும், தளப்பொருள் எவ்வளவு மிகுதியாகக் கிடைத்தாலும் தாண்ட முடியாத வினைவேக எல்லையாகும். பாடநூல்களிலும் ஆய்வகங்களிலும் இது வி-மேக்ஸ் எனப்படுகிறது. மைக்கேலிஸ்–மென்டென் சமன்பாட்டில் உள்ள இரு மாறிலிகளுள் இது ஒன்று; மற்றது மைக்கேலிஸ் மாறிலி. வினைவேகம் இந்த எல்லையை நெருங்கிச் செல்லுமே தவிர அதைத் தொடுவதில்லை. ஆகவே பெரும வினைவேகத்தை நேரடியாக அளக்க இயலாது. அளந்த வேகங்களிலிருந்து கணக்கிட்டே பெற வேண்டும். எந்த முறையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே சோதனையின் அளவீடுகளிலிருந்து வேறுபட்ட விடைகள் கிடைக்கக்கூடும்.

விளக்கம்

நொதி மூலக்கூறு ஒவ்வொன்றிலும் தளப்பொருள் வந்து பொருந்தும் கிளர்வு மையம் உண்டு. தளப்பொருளின் செறிவு குறைவாக இருக்கும்போது பெரும்பாலான மையங்கள் வெறுமையாக இருக்கும். செறிவைக் கூட்டினால் வேகமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். செறிவு மிகும்போது மையங்கள் அனைத்தும் நிரம்பிவிடும். இது தெவிட்டு நிலை எனப்படும். அதன்பின் செறிவைக் கூட்டினாலும் வேகம் கூடுவதில்லை.

இதைச் சர்க்கரை ஆலையோடு ஒப்பிடலாம். திருத்தணிப் பகுதிக் கரும்பை அரைக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் உள்ளது. ஆலை வாசலில் கரும்பு ஏற்றிய வண்டிகள் குறைவாக இருக்கும்போது, வரும் வண்டிகளின் எண்ணிக்கைதான் அன்றைய அரவையைத் தீர்மானிக்கும். வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது அரவையைத் தீர்மானிப்பது ஆலையின் அரவைத்திறன். வரிசை இரு மடங்கு நீண்டாலும் அரவை கூடாது. நொதிக்குப் பெரும வினைவேகம் என்பது ஆலைக்கு அரவைத்திறனைப் போன்றது.

சமன்பாடு

வினைவேகத்தை ‘வே’ எனவும், பெரும வினைவேகத்தைப் ‘பெ’ எனவும், தளப்பொருள் செறிவைத் ‘த’ எனவும், மைக்கேலிஸ் மாறிலியை ‘மா’ எனவும் குறித்தால், மைக்கேலிஸ்–மென்டென் சமன்பாடு:

வே = (பெ × த) ÷ (மா + த)

தளப்பொருள் செறிவு மைக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக இருக்கும்போது, வேகம் பெருமத்தில் சரிபாதியாக இருக்கும். அதற்கு மேல் வேகம் மெதுவாகவே ஏறுகிறது:

த = மா எனில், வேகம் பெருமத்தில் 50%
த = 4 மா எனில், 80%
த = 9 மா எனில், 90%
த = 19 மா எனில், 95%
த = 99 மா எனில், 99%

90 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காட்டுக்குச் செல்லத் தளப்பொருள் செறிவைப் 11 மடங்காக்க வேண்டும். பல தளப்பொருள்கள் அவ்வளவு செறிவில் கரைவதில்லை. சில நொதிகளில் தளப்பொருள் மிகும்போது வேகம் குறையவும் செய்கிறது. ஈஸ்டிலிருந்து கிடைக்கும் இன்வர்டேஸ் இதற்கு எடுத்துக்காட்டு. வரைபடத்தில் வளைகோடு கிடைமட்டமாகத் தெரியும் இடத்தையே பெரும வினைவேகம் என்று படித்தெடுப்பது இதனால் பிழையாகும்.

வரலாறு

பெரும வினைவேகம் என்னும் கருத்து பெரும்பாலும் இன்வர்டேஸ் என்ற ஒரே நொதியின் ஆய்விலிருந்து உருவானது. இது சுக்ரோஸை (கரும்புச் சர்க்கரையை) நீரேற்றிக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரு சர்க்கரைகளாகப் பிளக்கிறது. சுக்ரோஸ் கரைசல் தளவிளைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பும். பிளந்த கலவை இடப்புறம் திருப்பும். இந்தத் திசைமாற்றத்தால் அக்கலவை ‘தலைகீழ்ச் சர்க்கரை’ என்றும், நொதி இன்வர்டேஸ் என்றும் பெயர் பெற்றன. போலாரிமீட்டர் கொண்டு வினையின் போக்கை எளிதாகத் தொடர முடிந்ததும் இந்நொதி அதிகம் ஆராயப்பட்டதற்கு ஒரு காரணம்.

1902-இல் ஆங்கிலேய வேதியியலர் ஏட்ரியன் பிரௌன், சுக்ரோஸ் மிகுதியாக உள்ளபோது இன்வர்டேசின் வேகம் சுக்ரோஸ் செறிவைச் சார்ந்திருப்பதில்லை என்று காட்டினார். நொதியும் தளப்பொருளும் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருள் உருவாவதே இதற்குக் காரணம் என்று விளக்கினார். 1903-இல் பிரான்சின் விக்டர் ஆன்ரி அதற்குச் சமன்பாடு தந்தார். 1913-இல் பெர்லினில் பணியாற்றிய லியோனார் மைக்கேலிஸும் கனடா நாட்டு மருத்துவர் மாட் மென்டெனும் இன்வர்டேஸ் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தாங்கல் கரைசலால் அமில-காரத் தன்மையை நிலையாக வைத்ததும், வினையின் தொடக்க வேகத்தை மட்டும் கணக்கில் கொண்டதும் அவர்களது முன்னேற்றங்கள்.

பெரும வினைவேகத்தை நேரடியாக அளக்க முடியாத சிக்கலை அவர்களும் எதிர்கொண்டனர். வேகத்தைச் செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் எஸ் வடிவ வளைகோடு கிடைக்கும். அதன் நடுப்பகுதியின் சாய்வு பெரும வேகத்தின் 0.576 மடங்காக இருக்கும். இந்த எண்ணைக் கொண்டு அவர்கள் எல்லையைக் கண்டறிந்தனர். சுக்ரோஸுக்கு அவர்கள் பெற்ற மாறிலி லிட்டருக்கு 0.0167 மோல்.

1925-இல் ஜி. இ. பிரிக்ஸும் ஜே. பி. எஸ். ஹால்டேனும் நிலைத்த நிலைக் கருதுகோளைக் கொண்டு இதே சமன்பாட்டைப் பொதுமைப்படுத்தினர். இன்று பாடநூல்களில் உள்ள வருவிப்பு அவர்களுடையது. ஹால்டேன் 1957-இல் இந்தியாவில் குடியேறி, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1964-இல் புவனேஸ்வரில் காலமானார்.

வேகத்தை அளத்தல்

கணக்கீடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அளந்த வேகம் பிழையாக இருந்தால் விடையும் பிழையாகும். நொதியின் அளவு, வெப்பநிலை, அமில-காரத் தன்மை ஆகியவற்றை மாற்றாமல், தளப்பொருள் செறிவை மட்டும் மாற்றிப் பல குழாய்களில் வினையை நடத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் தொடக்க வேகத்தை அளக்க வேண்டும். தளப்பொருளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவான கட்டத்தில் அளப்பது வழக்கம். நேரம் செல்லச் செல்லத் தளப்பொருள் குறைவதாலும் விளைபொருள் வினையைத் தடுப்பதாலும் வேகம் தணியும்.

கல்லூரி ஆய்வகங்களில் இன்வர்டேசின் வேகத்தை டைநைட்ரோசாலிசிலிக் அமில வினைப்பொருளால் அளக்கின்றனர். ஒடுக்கும் சர்க்கரைகளுடன் சூடாக்கும்போது அது செம்பழுப்பு நிறமாகும். நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பர். ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு பிளந்தால் இரண்டு ஒடுக்கும் சர்க்கரைகள் கிடைக்கும். அளந்த அளவை இரண்டால் வகுக்க மறந்தால், பெரும வினைவேகம் உண்மை அளவைப் போல் இரு மடங்காகிவிடும்.

பாஸ்பேட்டை வெளிவிடும் நொதிகளுக்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து 1925-இல் இதை வெளியிட்டார்.

கணக்கிடும் முறைகள்

கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. தளப்பொருள் செறிவு மில்லிமோலாரிலும், வேகம் ஒரு நிமிடத்தில் லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற அலகிலும் உள்ளன.

செறிவு 5: வேகம் 12
செறிவு 10: வேகம் 20
செறிவு 20: வேகம் 30
செறிவு 40: வேகம் 40
செறிவு 100: வேகம் 50
செறிவு 180: வேகம் 54

அளந்தவற்றுள் மிகப் பெரிய வேகம் 54. அதையே பெரும வினைவேகமாகக் கொண்டால், பாதி வேகம் 27. அதற்குரிய செறிவு சுமார் 16.4 என வரைபடம் காட்டும். கீழுள்ள முறைகள் தரும் சரியான விடைகள் 60, 20 ஆகும். கண்ணால் படித்ததில் பெரும வேகம் 10 விழுக்காடும், மைக்கேலிஸ் மாறிலி 18 விழுக்காடும் குறைந்துவிட்டன.

1. இரட்டைத் தலைகீழி வரைபடம்

ஹான்ஸ் லைன்வீவரும் டீன் பர்க்கும் 1934-இல் பரவலாக்கிய முறை இது. சமன்பாட்டின் இருபுறமும் தலைகீழி எடுத்தால் நேர்க்கோட்டுச் சமன்பாடு கிடைக்கும்:

1/வே = (மா/பெ) × (1/த) + 1/பெ

கிடை அச்சில் 1/த, நிலை அச்சில் 1/வே என வரைந்தால், கோடு நிலை அச்சை வெட்டும் இடம் 1/பெ. மேலுள்ள எண்களில் முதல் இரண்டை எடுத்துக்கொண்டால், 1/த மதிப்புகள் 0.2, 0.1, 1/வே மதிப்புகள் 0.0833, 0.05. சாய்வு = 0.0333 ÷ 0.1 = 0.333. வெட்டுத்துண்டு = 0.05 − (0.333 × 0.1) = 0.0167. ஆகவே பெ = 1 ÷ 0.0167 = 60. மா = சாய்வு × பெ = 0.333 × 60 = 20.

2. ஹேன்ஸ்–உல்ஃப் வரைபடம்

மேலுள்ள சமன்பாட்டைச் செறிவால் பெருக்கினால்:

த/வே = (1/பெ) × த + மா/பெ

இதில் பெரும வினைவேகம் சாய்விலிருந்து கிடைக்கிறது. த = 20 எனில் த/வே = 0.667; த = 100 எனில் த/வே = 2. சாய்வு = 1.333 ÷ 80 = 0.0167, அதன் தலைகீழி 60.

3. ஈடி–ஹாஃப்ஸ்டீ வரைபடம்

வே = பெ − மா × (வே/த)

கிடை அச்சில் வே/த, நிலை அச்சில் வே. கோடு நிலை அச்சைத் தொடும் இடமே பெரும வினைவேகம். பிழையுள்ள அளவான வேகம் இரு அச்சுகளிலும் வருவது இதன் குறை. ஆனால் அளவீடுகள் நேர்க்கோட்டிலிருந்து விலகுவதை இது தெளிவாகக் காட்டும்.

4. நேரடி நேர்க்கோட்டு முறை

ராபர்ட் ஐசென்தாலும் ஏதெல் கார்னிஷ்-போடனும் 1974-இல் வெளியிட்ட முறை. எந்த இரண்டு அளவீடுகளை எடுத்தாலும் அவற்றிலிருந்து இரு மாறிலிகளையும் கணக்கிடலாம்:

மா = (வே2 − வே1) ÷ (வே1/த1 − வே2/த2)
பெ = வே1 + மா × (வே1/த1)

எடுத்துக்காட்டாக 10, 100 ஆகிய செறிவுகளை எடுத்தால், மா = (50 − 20) ÷ (2 − 0.5) = 20; பெ = 20 + (20 × 2) = 60. ஆறு அளவீடுகளிலிருந்து 15 இணைகள் கிடைக்கும். 15 விடைகளையும் ஏறுவரிசைப்படுத்தி நடுவில் உள்ள இடைநிலை அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. நேரிலா மீச்சிறு வர்க்க முறை

சமன்பாட்டை நேர்க்கோடாக மாற்றாமல், வளைகோட்டையே அளவீடுகளுக்குப் பொருத்தும் முறை. கணித்த வேகத்துக்கும் அளந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தத் தொகை மிகக் குறைவாகும் வகையில் இரு மாறிலிகளையும் கணினி தேடுகிறது. இன்று ஆய்விதழ்களில் வழக்கமாக எதிர்பார்க்கப்படுவது இதுவே. விரிதாள் மென்பொருள்களில் உள்ள ‘சால்வர்’ வசதியைக் கொண்டும் இதைச் செய்யலாம்.

முறைகளின் ஒப்பீடு

பிழையற்ற எண்களில் எல்லா முறைகளும் 60 என்றே தரும். உண்மையான சோதனையில் பிழை இருந்தே தீரும். மேலுள்ள பட்டியலில் முதல் அளவீட்டை மட்டும் 12-க்குப் பதில் 10 என மாற்றி, மற்ற ஐந்தையும் அப்படியே வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள்:

இரட்டைத் தலைகீழி (சாதாரண மீச்சிறு வர்க்கக் கோடு): பெ = 70.5, மா = 29.2
ஹேன்ஸ்–உல்ஃப் (அதே வகைக் கோடு): பெ = 60.7, மா = 21.8
நேரிலா மீச்சிறு வர்க்கம்: பெ = 60.6, மா = 21.0
நேரடி நேர்க்கோட்டு முறை (இடைநிலை அளவு): பெ = 60, மா = 20

ஒரே ஒரு குழாயில் 2 அலகுப் பிழை ஏற்பட்டதற்கு, இரட்டைத் தலைகீழி முறை பெரும வினைவேகத்தை 17 விழுக்காடும் மைக்கேலிஸ் மாறிலியை 46 விழுக்காடும் உயர்த்திவிட்டது. தலைகீழி எடுக்கும்போது மிகச் சிறிய வேகங்கள் மிகப் பெரிய எண்களாகின்றன. நம்பகம் குறைந்த அளவீடு கோட்டின் வலக்கோடியில் தனித்து நின்று, முழுக் கோட்டையும் தன் பக்கம் சாய்த்துவிடுகிறது. இதற்காக லைன்வீவரும் பர்க்கும் தம் கட்டுரையில் அளவீடுகளுக்கு எடை கொடுத்தே கோட்டைப் பொருத்தினர். பின்வந்த பாடநூல்கள் பலவற்றில் அந்தப் பகுதி விடுபட்டுப்போனது.

நேரடி நேர்க்கோட்டு முறையில், பிழையுள்ள அளவீடு 15 இணைகளில் ஐந்தில் மட்டுமே இடம்பெறுகிறது. மீதிப் பத்தும் 60 என்றே தருவதால் இடைநிலை அளவு மாறவில்லை. எல்லா அளவீடுகளிலும் சிறு பிழைகள் இருக்கும்போது விடை இவ்வளவு துல்லியமாக அமையாது. எனினும் ஓர் அளவீடு மட்டும் பெரிதும் பிழைபடும்போது இம்முறை பாதுகாப்பானது.

வரைபடங்கள் தரவைக் கண்ணால் பார்க்கவும், தடுப்பானின் வகையை அறியவும் இன்றும் பயன்படுகின்றன. மாறிலிகளின் மதிப்பைப் பெறக் கடைசி இரு முறைகளுள் ஒன்றைப் பின்பற்றுவது நல்லது. எந்த முறையானாலும், தளப்பொருள் செறிவுகள் மைக்கேலிஸ் மாறிலிக்குக் கீழும் அதைவிடப் பல மடங்கு மேலும் பரவியிருக்க வேண்டும். எல்லா அளவீடுகளும் மாறிலிக்குக் கீழேயே இருந்தால், வளைகோட்டின் தொடக்கப் பகுதி மட்டுமே தெரியும். அதைக் கொண்டு எல்லையை நம்பத்தக்க வகையில் கணிக்க இயலாது.

பெரும வினைவேகமும் நொதியின் அளவும்

பெரும வினைவேகம் நொதியின் நிலையான பண்பு அன்று. நொதியின் அளவை இரு மடங்காக்கினால் அதுவும் இரு மடங்காகும். எனவே ஒரு பெரும வினைவேகத்தைக் குறிப்பிடும்போது நொதியின் அளவு, வெப்பநிலை, அமில-காரத் தன்மை ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். நொதியின் செறிவு தெரிந்தால், பெரும வினைவேகத்தை அதனால் வகுத்துச் சுழற்சி எண்ணைப் பெறலாம். இது ஒரு கிளர்வு மையம் ஒரு நொடியில் எத்தனை தளப்பொருள் மூலக்கூறுகளை மாற்றுகிறது என்பதைக் காட்டும். மேலுள்ள எடுத்துக்காட்டில் நொதியின் செறிவு லிட்டருக்கு 0.01 மைக்ரோமோல் எனில், 60 ÷ 0.01 = நிமிடத்துக்கு 6000, அதாவது நொடிக்கு 100.

நொதியின் செயல்திறனுக்கு இரு அலகுகள் வழக்கில் உள்ளன. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் தளப்பொருளை மாற்றும் அளவு ஒரு ‘யூனிட்’. ஒரு நொடியில் ஒரு மோல் மாற்றும் அளவு ஒரு ‘கட்டல்’. ஒரு யூனிட் 16.67 நானோகட்டலுக்குச் சமம்.

தடுப்பான்களின் வகையையும் பெரும வினைவேகம் காட்டிக்கொடுக்கும். தளப்பொருளோடு போட்டியிட்டுக் கிளர்வு மையத்தைப் பிடிக்கும் தடுப்பான் மைக்கேலிஸ் மாறிலியை உயர்த்தும். தளப்பொருள் மிகுந்தால் தடுப்பான் விலக்கப்படுவதால் பெரும வினைவேகம் மாறாது. போட்டியிடாத் தடுப்பான் பெரும வினைவேகத்தைக் குறைக்கும், மாறிலி மாறாது. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் கோலினெஸ்டரேஸ் நொதியின் மையத்தில் நிலையாகப் பிணைந்துவிடுகின்றன. இதனால் வேலை செய்யும் நொதியின் அளவே குறைந்து, பெரும வினைவேகம் வீழ்கிறது.

வெட்டிய கரும்பில் பெரும வினைவேகம்

இன்வர்டேஸ் கரும்பிலேயே உள்ள நொதி. கரும்பை வெட்டிய பின் அது தண்டில் சேமித்துள்ள சுக்ரோஸைப் பிளக்கத் தொடங்குகிறது. பிளந்த சர்க்கரைகளை ஆலையில் படிகமாக்க முடியாது. அவை கழிவுப்பாகில் சேர்கின்றன.

கரும்புச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்கு 18 கிராம் சுக்ரோஸ் இருந்தால், அது சுமார் 526 மில்லிமோலார். இன்வர்டேசின் மைக்கேலிஸ் மாறிலி 20 மில்லிமோலார் எனக் கொண்டால், நொதி தன் பெரும வேகத்தில் 96 விழுக்காட்டில் இயங்கும். சுக்ரோஸ் பாதியாகக் குறைந்தாலும் வேகம் 93 விழுக்காட்டில் இருக்கும். அதாவது சர்க்கரை குறையக் குறைய இழப்பின் வேகம் தணிவதில்லை. நொதியின் அளவும் வெப்பநிலையும் மாறாதிருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு சர்க்கரை போகும். உண்மையில் நிலைமை இதைவிடக் கடினமானது: வெட்டிய தண்டு பழையதாகும்போது இன்வர்டேசின் செயல்திறன் கூடுகிறது, வெயில் ஏறினால் வேகம் கூடுகிறது, வெட்டு வாய் வழியே புகும் நுண்ணுயிர்களும் சுக்ரோஸைச் செலவிடுகின்றன. முழுத் தண்டில் நொதியும் சர்க்கரையும் முற்றிலும் கலந்திருப்பதில்லை என்பதால், இக்கணக்கு பிழிந்த சாற்றுக்கே நேராகப் பொருந்தும்.

இந்த இழப்புக்கு விலை உண்டு. ஒன்றிய அரசு அறிவிக்கும் நியாயமான ஆதாய விலை சர்க்கரைப் பிழிதிறனோடு இணைக்கப்பட்டது. 2025–26 பருவத்துக்கு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3.46 ரூபாய் கூடுதல். பிழிதிறன் 9.5 விழுக்காட்டுக்குக் கீழே சென்றாலும் விலை 329.05 ரூபாய்க்குக் குறையாது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்ற பரிந்துரை இதை ஒட்டியது. வெட்டும் நாளை ஆலையின் அரவைத்திறனுக்கு ஏற்ப ஒதுக்கும் வெட்டு உத்தரவு முறையின் பயனும் இதுவே. வண்டி வரிசையில் நிற்கும் நேரம் நீண்டால், தண்டு காய்ந்து எடை குறைவதோடு சர்க்கரையும் குறைகிறது.

பிழிந்த சாற்றில் இழப்பை நிறுத்த, ஆலைகள் நொதியையே செயலிழக்கச் செய்கின்றன. சாற்றில் சுண்ணாம்புப் பால் சேர்த்து அமிலத்தன்மையை நீக்கி, 100 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாக்குகின்றனர். வெப்பத்தில் நொதியின் புரத அமைப்பு குலைந்து, அதன் பெரும வினைவேகம் சுழியாகிறது. அமிலத்தால் சுக்ரோஸ் பிளப்பதையும் சுண்ணாம்பு தடுக்கிறது. சாற்றிலுள்ள சுக்ரோஸை ஆலை ஆய்வகங்கள் இன்றும் போலாரிமீட்டரால் மதிப்பிடுகின்றன. 1913-இல் மைக்கேலிஸும் மென்டெனும் பயன்படுத்தியதும் அதே வகைக் கருவிதான்.